மெதுவாகவே ஓடட்டும் என்று நினைத்த நாள்

இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டால் யாரும் வீட்டுக்கு வருவதில்லை. எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர், நம் திரையில் இருக்கும் அம்புக்குறியை அங்கிருந்தே நகர்த்திச் சரிசெய்துவிட்டுப் போய்விடுகிறார். போன மாதம் என் மகளுடைய லேப்டாப்பை அப்படிச் சரிசெய்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கெட்டிக்காரர். வேலை சீக்கிரம் முடிந்தது.

கண் பார்வை குறைந்து நான் வேலையை விட்ட பிறகும், என்னோடு கடையில் இருந்தவர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் இதைச் சொன்னேன். "நல்லதுதானே அண்ணா. டிராபிக்ல மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போய் என்னத்தைப் பாக்கப்போறோம்? பொட்டியைத்தானே?" என்றார் ஒருவர். எனக்குப் பதில் வரவில்லை. எனக்கு எப்போதும் பதில் ஒரு நாள் கழித்துத்தான் வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்தவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. மோட்டார் காயில் சுற்றினேன், டிவி ரிப்பேர் கற்றேன், தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு கேபிள் வந்தபோது மாடி மாடியாக ஏறி ஒயர் இழுத்தேன். லிங்கராஜபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் சேர்ந்தபோது காதோரம் நரைக்கத் தொடங்கியிருந்தது. ஆங்கிலம் படித்ததில்லை. திரையில் வரும் சொற்களை, ஆட்களின் முகத்தை அடையாளம் வைத்துக்கொள்வதுபோல வைத்துக்கொண்டேன். இது வந்தால் 'ஆமாம்', அது வந்தால் 'வேண்டாம்'. அப்படித்தான் பழகினேன்.

கடையை நடத்தியவர் நாகரத்னா மேடம். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். என்னைவிட வயதில் சிறியவர். குரல் உயர்த்த மாட்டார். வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய் இருக்கும். யாராவது தப்புச் செய்தால் ஏலக்காயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றுவார், அவ்வளவுதான். அதற்கே எங்களுக்கு வியர்த்துவிடும்.

மற்ற கடைகளில் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவார்கள். "ஃபார்மேட் பண்றது வைத்தியம் இல்ல முருகேஷ், அது கருமாதி" என்பார் மேடம். என் பெயர் முருகேசன். இந்த ஊரில் முருகேஷ் ஆகிவிட்டேன். வீட்டுக்குப் போனதும் நாங்கள் கருவியைத் தொடக்கூடாது. முதலில் கேட்க வேண்டும். எப்போதிலிருந்து? யார் யார் உட்காருகிறார்கள்? அதற்குக் கொஞ்சம் முன்னால் வீட்டில் என்ன மாறியது? காக்ஸ் டவுனில் ஒரு வீட்டில் மூன்றாவது கேள்விக்குக் கிடைத்த பதில், பூஜை அலமாரியை இந்த அறைக்கு மாற்றினோம் என்பது. பெட்டியைத் திறந்தால், வெள்ளிக்கிழமை தோறும் போட்ட சாம்பிராணிப் புகை தூசியோடு சேர்ந்து விசிறிக்குக் கீழே பிசினாக அப்பியிருந்தது. சூடு வெளியே போக வழியில்லாமல் அது மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

வேறு வழக்கங்களும் இருந்தன. அறைக் கதவு திறந்தே இருக்க வேண்டும். திரை வீட்டுக்காரர் பார்க்கும்படி திரும்பியிருக்க வேண்டும். யார் நம்மைக் கூப்பிட்டார்களோ அவர்களிடம் காரணத்தைச் சொல்லாமல் வெளியே வரக்கூடாது. சந்தேகம் வந்தால் அந்த வீட்டு போனிலிருந்து கடைக்குப் பேசலாம். ஆனால் வீட்டுக்காரர் காதுபட எதையும் விவரிக்கக்கூடாது, பயந்துவிடுவார்கள். கேள்விகளை மேடம் கேட்பார். நாங்கள் 'ஆமாம்', 'இல்லை' மட்டும் சொல்வோம். மற்றவர்களுக்கு அது எரிச்சல். எனக்கோ அது பெரிய நிம்மதி. நாலு பேர் முன்னால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச எனக்கு இன்றும் வராது.

அந்த வீடு கடையிலிருந்து நடக்கும் தூரம்தான். மாடி வீடு. கூப்பிட்டவர் கலைவாணி என்ற பெண். வேலூர்ப் பக்கம். கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்தவர். கணவர் சரவணனுக்கு வைட்ஃபீல்டில் ஒரு பெரிய ஆபீசில் வேலை. ஹாலில் மாமியார் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்; நான் அவரைப் பெரியம்மா என்றேன். இடுப்பில் சாவிக்கொத்து. போன் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது, பெட்டிக்குச் சிறு பூட்டு. வரும் அழைப்பு மணியடித்தால் பெரியம்மா வந்து திறப்பார். அந்தக் காலத்தில் பல வீடுகளில் போனுக்குப் பூட்டு இருந்தது. பில்லுக்குப் பயந்து போடுவது. நான் அதை அப்படித்தான் நினைத்தேன்.

"ரொம்ப ஸ்லோண்ணா. ஒரு மெயில் தொறக்கறதுக்குள்ள சோறே வெந்துடுது" என்றார் கலைவாணி.

"டிவிய தட்டுற மாதிரி ரெண்டு தட்டு தட்டிப் பாரேம்ப்பா" என்றார் மாமியார் ஹாலிலிருந்து. "சரியானா சரி. இல்லாட்டி நிம்மதி. சதா அதும் முன்னாடியே குந்தினு இருக்கா."

நான் கேட்க வேண்டியதைத் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். தீபாவளிக்குப் பிறகுதான் இப்படி. பகலில் அவர் உட்காருவார், இரவில் கணவர். வீட்டில் எதுவும் மாறவில்லை. பிறகு சட்டென்று, "இன்னைக்கே சரியாயிடுமாண்ணா? எங்க அக்காகிட்டேர்ந்து ஒரு பதில் வரணும். அவர் ஐதராபாத் போயிருக்காரு. ராத்திரி வந்துடுவாரு" என்றார். மெயிலுக்கும் கணவர் வருவதற்கும் என்ன தொடர்பு என்று எனக்குப் புரியவில்லை.

உட்கார்ந்து பார்த்தேன். வைரஸ் இல்லை. விசிறி நன்றாகச் சுற்றியது. டிஸ்க்கில் இடமே இல்லை. பாட்டும் படமும் வைத்திருக்கும் வீடு போலவும் தெரியவில்லை. எது இடத்தை அடைத்திருக்கிறது என்று தேடிக்கொண்டே போனதில், யாரும் போகாத ஒரு மூலையில் பெயரே புரியாத ஒரு ஃபோல்டர் இருந்தது. அதற்குள் சின்னச் சின்னப் படங்கள், லட்சக்கணக்கில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே ஒன்று புதிதாக முளைத்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

கடைசிப் படத்தைத் திறந்தேன். அதில் இருந்தது என் எதிரே இருந்த அதே திரை. நான் திறந்து வைத்திருந்த அதே ஃபோல்டர், நான் நிறுத்தி வைத்திருந்த அதே இடத்தில் அம்புக்குறி.

முதுகுத்தண்டு சில்லிட்டது என்று எழுதுவார்களே, எனக்கு அப்படி இல்லை. காது சூடானது. மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இப்படி ஒரு சரக்கு வந்திருக்கிறது, திரையில் நடப்பதையெல்லாம் படம் பிடித்து ஒளித்து வைக்கும் என்று மேடம் ஒரு தடவை சொல்லியிருந்தார். பார்த்தது அன்றுதான். நான் அதைக் கண்டுபிடித்ததும் அதிலேயே பதிவாகிவிட்டது.

அப்போது போன் அடித்தது. பெரியம்மா பூட்டைத் திறந்து எடுத்தார். "ம்… வந்துருக்கான்… இந்தாப்பா, என் பையன். உன்கிட்ட பேசணுமாம்."

சரவணனின் குரல் மரியாதையாக இருந்தது. "டிஸ்க் ஃபுல்லா இருக்கும், எனக்குத் தெரியும். உள்ள ஒரு ஃபோல்டர் இருக்கு, ஆபீஸ் சமாச்சாரம். அதைத் தொறக்க வேணாம், அழிக்க வேணாம். பெரிய டிஸ்க்கா போட்டு எல்லாத்தையும் அப்படியே மாத்திடுங்க. சரிங்களா?"

"சரி சார். கடைக்கு எடுத்துட்டுப் போகணும் சார்."

"எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு நான் வந்து வாங்கிக்கறேன். அவகிட்ட ஒண்ணும் சொல்லிக் குழப்பாதீங்க. அவளுக்குப் புரியாது."

போனை வைத்தேன். பெரியம்மா பெட்டியைப் பூட்டப் போனார். "கடைக்கு ஒரு போன் பேசிக்கிறேன் பெரியம்மா" என்றேன். அவர் நகராமல் பக்கத்திலேயே நின்றார். கலைவாணி அறை வாசலில் நின்றார். நான் எண்ணைச் சுழற்றினேன்.

"ஹேளி, முருகேஷ்" என்றார் மேடம். சொல்லுங்கள் என்று அர்த்தம். ஆனால் சொல்லப்போவது அவர்தான்.

"வைரஸா?"

"இல்ல மேடம்."

"டிஸ்க் ஃபுல்லா?"

"ஆமா."

"சினிமாப் படமா?"

"இல்ல."

"போட்டோவா?"

"ஆமா… இல்ல மேடம்."

மறுமுனையில் ஏலக்காய் இடம் மாறியது. எனக்குக் கேட்டது.

"ஸ்க்ரீனைப் படம் எடுக்கறதா?"

"ஆமா."

"வச்சது அந்த வீட்டு ஆளா?"

"ஆமா."

"நம்மளைக் கூப்பிட்டாங்களே, அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"இப்ப பக்கத்துல நிக்கிறது அவங்களா?"

"இல்ல மேடம்."

பெரியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போன் பெட்டியின் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நம்ம வழக்கம் என்னவோ அதான், முருகேஷ். யார் கூப்பிட்டாங்களோ அவங்ககிட்ட காரணம் சொல்லிட்டுத்தான் வெளிய வரணும். அதுக்கு மேல அவங்க இஷ்டம். ஆயித்தா?"

"ஆயித்து மேடம்" என்றேன். ஆயிற்று என்று அர்த்தம். ஆகவில்லை. எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. 'அவகிட்ட சொல்லாதீங்க' என்று ஒருவர் சொல்லி ஐந்து நிமிடம் ஆகவில்லை. கதவு திறந்திருக்கிறது. பெரியம்மா அறை வாசலில் முறத்தோடு உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரத்தில் குழாய் சீறியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் காவேரித் தண்ணீர். கலைவாணி குடத்தை எடுக்கப் போனார். "நீ இரு. ஆள் வந்துருக்கான்ல, கூட நில்லு" என்று பெரியம்மாவே எழுந்து பின்பக்கம் போனார்.

நான் திரையை அவர் பக்கம் இன்னும் திருப்பினேன். "அம்மா, நீங்களே உக்காந்து மௌஸைப் புடிங்க. கீழ, கடைசியா இருக்கறதைத் தொறங்க."

திறந்தார். அவருக்குப் புரியவில்லை.

"அதுக்கு முன்னாடி இருக்கறதைத் தொறங்கம்மா. இன்னும் முன்னாடி. நேத்து தேதி."

நேற்றைய படம் ஒன்று வந்தது. அவர் அக்காவுக்கு எழுதிக்கொண்டிருந்த கடிதம், பாதியில். அடுத்த படத்தில் அதே கடிதம், இன்னும் இரண்டு வரி கூடுதலாக. அதற்கடுத்ததில் இன்னும் இரண்டு வரி. அவர் எழுதி, அழித்து, மறுபடி எழுதியதெல்லாம் இருந்தது. நான் சுவரிலிருந்த காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "நான் என்ன நினைச்சாலும் அவருக்குத் தெரியுதுன்னு பயந்துனு இருந்தேண்ணா. அக்காகிட்ட எழுதுனதை அப்படியே என்கிட்ட திருப்பிச் சொல்லுவாரு. மந்திரமோன்னு கூட தோணிச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "வெள்ளிக்கிழமை அக்கா கோயம்புத்தூர்லேர்ந்து வருது. கூடப் போயிடப்போறேன். என் பி.எட். சர்டிபிகேட்டெல்லாம் பீரோல வச்சுப் பூட்டியிருக்காரு. நேத்தும் முந்தாநாளும்தான் இதை எழுதினேன். அவர் இன்னும் பாத்திருக்க மாட்டாரு" என்றார்.

"அழிச்சிடலாமாம்மா?" என்று கேட்டேன்.

"அழிச்சா தெரிஞ்சிடும். வச்சிருந்தாலும் தெரிஞ்சிடும்." பின்பக்கம் குடம் நிறையும் சத்தம் மாறிக்கொண்டு வந்தது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவரேதானே கடைக்கு எடுத்துனு போகச் சொன்னாரு?"

"ஆமாம்மா."

"எடுத்துனு போங்க."

பெரியம்மா ஈரக் கையோடு வந்தபோது நான் ஒயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "என்னடி, சரியாயிடுமா?" என்று கேட்டார். மருமகள், "டிஸ்க் ரொம்பிடுச்சாம் அத்தை" என்றார். பெரியம்மா அவரை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்தார். "ரொம்பத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு பீன்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று செவ்வாய்க்கிழமை. பெட்டியைத் தோளில் வைத்து நடந்தேன். அந்தப் பெட்டி அவ்வளவு கனம் இல்லை. ஆனால் வழியில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்தேன்.

மேடம் எல்லாவற்றையும் கேட்டார். இந்தத் தடவை நான் வாயைத் திறந்து பேசினேன். "நாம பாத்ததும் அதுல இருக்கு மேடம். அந்தக் கடைசிப் படங்களை மட்டுமாவது எடுத்துடலாமா? அவர் கையில கிடைச்சா அந்தம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு புரிஞ்சிடும்."

"பேடா" என்றார். வேண்டாம். "ஒரு படம் எடுத்தா நாளைக்கு நூறு எடுக்கலாம். அப்புறம் நம்ம கடைக்கு எவன் பொட்டி அனுப்புவான்? அவர் என்ன கேட்டார்? அப்படியே மாத்தணும்னு. அப்படியே மாத்துவோம். நம்ம முறைப்படி மாத்துவோம்."

எங்கள் முறை இது. முதலில் பழைய டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் காப்பி செய்வோம். பிறகு ஒவ்வொரு ஃபைலும் சரியாக வந்திருக்கிறதா என்று பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அவசரக்காரர்களுக்கு இரண்டாவதை விட்டுவிடுவதுண்டு. பெரிய ஃபைல் ஒன்று சீக்கிரம் போய்விடும். சின்ன ஃபைல்கள் லட்சக்கணக்கில் இருந்தால், எறும்பு சர்க்கரை மூட்டையைக் காலி செய்வதுபோல ஒவ்வொன்றாகத்தான் போகும். அதிலும் அந்தப் பழைய டிஸ்க் இடையிடையே டிக் டிக்கென்று சத்தம் போட்டது.

புதன்கிழமை மாலை சரவணன் வந்தார். கையில் ஹெல்மெட், கழுத்தில் ஆபீஸ் அட்டை. சிரித்த முகம். "ரெடியா மேடம்?"

"காப்பி ஓடிட்டிருக்கு சார். உக்காருங்க, காபி குடிக்கிறீங்களா?"

"ஒரு காப்பியே போதும்" என்று ஜோக் அடித்தார். "பழைய டிஸ்க்கை மட்டும் குடுங்க. நான் ஆபீஸ்ல பாத்துக்கறேன்."

"முருகேஷ், சாருக்குக் காட்டுங்க."

திரையை அவர் பக்கம் திருப்பினேன். பச்சைக் கட்டங்கள் பாதியைக்கூட எட்டவில்லை. இன்னும் எவ்வளவு நேரம் என்று அது காட்டும் கணக்கு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அவர் அந்த வேலை தெரிந்தவர். உதட்டைக் கடித்துக்கொண்டார். "சின்ன ஃபைல்ஸ்… ஆமா, டைம் எடுக்கும். நடுவுல நிறுத்துனா?"

"முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும் சார். டிஸ்க் வேற சத்தம் போடுது. மறுபடி எந்திரிக்குமான்னு தெரியல."

அவர் குனிந்து கேட்டார். டிக். டிக். நான் பொய் சொல்லவில்லை.

"வந்தவரைக்கும் ஒண்ணு ரெண்டு தொறந்து பாத்துக்கறேன்" என்று மௌஸுக்குக் கையை நீட்டினார்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது என்று சொன்னேன் அல்லவா? அன்று எப்படியோ வந்தது. "தொடாதீங்க சார்" என்றேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது போல. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஓடும்போது தொட்டா நின்னாலும் நின்னுடும் சார்."

கை நடுவில் நின்றது. என்னையே பார்த்தார். "நீங்கதானே வீட்டுக்கு வந்தது? அந்த ஃபோல்டரைத் தொறந்தீங்களா?"

மேடம் குறுக்கிட்டார். "சார், எது இடத்தை அடைச்சிருக்குன்னு தொறக்காம எப்படிக் கண்டுபிடிக்கறது? ஹொட்டெ நோவு, வயித்து வலின்னு வந்தா வயித்தைத் தொட்டுத்தானே பாக்கணும்?" சரவணன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வியாழக்கிழமை வந்தார், காப்பி முடிந்து ஒப்பிடும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. "அதெல்லாம் வேணாம்" என்றார். "உங்க ஆபீஸ் சமாச்சாரம்னு சொன்னீங்களாமே சார். ஒண்ணு விட்டுப்போனா எங்க தலையில விழும்" என்றார் மேடம். ஆபீஸ் சமாச்சாரம் இல்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை.

நான் பெஞ்சில் அந்தத் திரைக்கு முன்னாலேயே இருந்தேன். என் வேலைக் காலம் முழுக்கக் கம்ப்யூட்டர் வேகமாக ஓட வேண்டும் என்றுதான் பாடுபட்டேன். மெதுவாகவே ஓடட்டும், மெதுவாகவே ஓடட்டும் என்று வேண்டிக்கொண்டது அந்த நாட்களில் மட்டும்தான். நாங்கள் எதையும் நிறுத்தவில்லை, தாமதப்படுத்தவில்லை. ஆனால் அது முன்கூட்டியே முடிந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை போன் அடித்தது. மேடம் எடுத்து என்னிடம் நீட்டினார். பின்னால் ரயில் அறிவிப்பு கன்னடத்தில் கேட்டது.

"அண்ணா, கம்ப்யூட்டர் ரெடியானா அவர்கிட்டயே குடுத்துடுங்க. நீங்க குடுத்த கடை சிலிப்பை டிவி மேல வச்சிருக்கேன்."

"சரிம்மா. சர்டிபிகேட்…?"

"எடுத்துக்கிட்டேண்ணா." கொஞ்சம் நின்று, "அத்தைதான் சாவியை எடுத்துக் குடுத்தாங்க. ஒண்ணுமே கேக்கல. தண்ணி புடிக்கணும்னு சொல்லிட்டுப் பின்னாடி போயிட்டாங்க. இன்னைக்குத் தண்ணி வர்ற நாளே இல்ல" என்றார். ஒரு ரூபாய் காசு போட்டுப் பேசும் போன், அங்கே கட் ஆகிவிட்டது.

சனிக்கிழமை கடை திறக்கும்போதே சரவணன் சிலிப்போடு நின்றுகொண்டிருந்தார். சவரம் செய்யவில்லை. வாங்கிக்கொள்ளும் முன் வாடிக்கையாளரே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் எங்கள் வழக்கம். நாற்காலியை இழுத்துப் போட்டேன். திரையை அவர் பக்கம் திருப்பினேன். சுவிட்சைப் போட்டதும் அது உடனே எழுந்தது. முன்பு சோறு வேகும் நேரம் எடுத்ததெல்லாம் கண் இமைப்பதற்குள் திறந்தது.

அவர் நேராக அந்த ஃபோல்டருக்குப் போனார். செவ்வாய்க்கிழமையின் கடைசிப் படத்தைத் திறந்தார். பிறகு அதற்கு முந்தியதை. படத்துக்குள் அதே ஃபோல்டர் இருந்தது. அதற்குள் அவர் மனைவியின் கடிதம் திறந்திருந்தது. படத்தின் ஓரத்தில் தேதி, செவ்வாய்க்கிழமை. அதற்குப் பிறகு, இப்போது புதிதாக முளைத்துக்கொண்டிருந்தவை தவிர, படம் இல்லை.

மேடம் ரசீதை அவர் முன்னால் வைத்தார். அவர் பேனாவை எடுத்தார், வைத்தார். என் பக்கம் திரும்பினார். "ஸ்லோ ஆனதுக்கு என்ன காரணம்னு நீங்க என்கிட்ட சொல்லவேயில்லையே?"

எனக்கு எப்போதும் பதில் ஒரு நாள் கழித்துத்தான் வரும். அன்று உடனே வந்தது.

"கூப்பிட்டவங்ககிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன் சார்."